பச்சைப் பட்டைக்கு மேலே

…அப்படியென்றால் தின்னாமலா ஏறும், சர்க்கரை என்ன வானத்திலிருந்தா இறங்குகிறது, என்று தனக்குள் மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டார் பூபதி, டோக்கன் முப்பத்திரண்டு, இருபத்தொன்பதுதான் உள்ளே போயிருக்கிறது, இந்தச் சேலத்து ஆஸ்பத்திரியில் எப்போது வந்தாலும் இதே கதைதான். கையிலிருந்த தாளை மறுபடி விரித்தார், மகளின் கைச்சதையில் ஒட்டியிருக்கும் சென்சார், இரண்டு ரூபாய்க் காசளவு இருக்கும் அது, பதினாலு நாளாக ராப்பகல் அளந்ததெல்லாம் அதில் கோடாக வந்திருந்தது, நடுவே ஒரு பச்சைப் பட்டை, எழுபதிலிருந்து நூற்றெண்பது வரை, கோடு அதற்குள் ஓடினால் நல்லது, ஆனால் எங்கே ஓடுகிறது, கூரைமேல் ஏறின பூனை மாதிரி மேலேயே நிற்கிறது… அட்டை படிக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா, மோகனூர் ரோட்டில் இருபது வருஷமாகக் கோழிப்பண்ணை, ஷெட்டுக்கு ஒரு முட்டைக் கணக்கு அட்டை, நூற்றுக்குத் தொண்ணூறு போட்டுக்கொண்டிருந்த முட்டை எண்பதுக்கு இறங்கினால் முதலில் தண்ணீரைப் பார்ப்பார், பிறகு தீவனம், பிறகு மருந்து, இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. யுவஸ்ரீ அவருக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் பை, பதினேழு வயசு, பத்து வயசில் வந்தது இது, உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை, ஊசியை விட்டால் வேறு கதியில்லை, ஏழு வருஷம் ஒழுங்காகத்தானே இருந்தாள், இந்த இரண்டு மாதமாகத்தானே இப்படி, பெரிய பெண்ணாகிவிட்டாள், வாயைக் கட்ட முடியவில்லை, வேறென்ன இருக்க முடியும்?

தின்னலீங்கப்பா, சத்தியமாத் தின்னலீங்கப்பா என்று எத்தனை தடவை சொன்னாள். பொய் சொல்லாதே என்றார், திருடித் தின்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்றுகூடக் கேட்டார், அதை மட்டும் கேட்டிருக்க வேண்டாம்… சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளப் பையில் மிட்டாய் வைத்திருப்பாள், டாக்டர் சொன்னதுதான், அதைக் காலையில் எண்ணிக் கொடுத்துச் சாயங்காலம் எண்ணிப் பார்த்தார், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் திறந்து காட்ட வேண்டும். புள்ளையை நம்புங்க, என்றாள் சௌந்திரம், அவளுக்கென்ன, பெற்றவள், செல்லம். கோடு இறங்காவிட்டால் கோயமுத்தூர்க் காலேஜும் வேண்டாம் ஆஸ்டலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், போன வார வியாழக்கிழமையோடு அவள் பேச்சு நின்றது, அவர் சாமி என்றோ கண்ணு என்றோ கூப்பிட்டு அதற்கும் முன்பே எத்தனை நாளாகிறது, ஒரு மாதம்? அதற்கும் மேலேயா?

முப்பத்திரண்டு. உள்ளே டாக்டர் இல்லை, தனப்பிரியா என்ற நர்ஸ்தான் இருந்தாள், சென்சார் கோட்டைப் படித்துச் சொல்வதற்கென்றே போட்டிருக்கிறார்கள், முப்பது வயசிருக்கும், இவளா சொல்லப் போகிறாள்… அவள் தாளை வாங்கி அவரைப் பார்க்காமல் பெண்ணைப் பார்த்தாள். "யுவஸ்ரீ, சாப்பிட்டா கோடு மேடு மாதிரி ஏறி இறங்கும். இந்த வியாழக்கிழமை மேடே இல்லியே சாமி, நாள் பூரா எரநூத்தி அறுபதுல நேராப் போவுது. அன்னிக்கி என்ன சாப்பிட்ட?" பெண் தரையைப் பார்த்தாள். "ஒண்ணும் சாப்பிடலீங்க. ஊசி மட்டும் போட்டுக்கிட்டேன். சாப்பிடாம இருந்து காட்டலாம்னு…" யாருக்குக் காட்ட? அன்றைக்குச் சாயங்காலம் தட்டைத் தள்ளிவிட்டுப் போனாளே, வெளியில் மொக்கிவிட்டு வந்திருப்பாள் என்றல்லவா நினைத்தார். நர்ஸின் விரல் தாளின் மேல் நகர்ந்தது. "இந்த மூணு நாள் மட்டும் அழகாப் பச்சைக்குள்ளாற இருக்குது பாரு. அப்ப எங்க இருந்த?" சங்ககிரி, அத்தை வீட்டுக் கல்யாணம், அதைத்தான் அவர் சாட்சியாக வைத்திருந்தார், அத்தை கண்ணெதிரில் திருட முடியவில்லை பார்த்தாயா என்று. யுவஸ்ரீ சொன்னாள், "அங்க ரெண்டு ஜிலேபி தின்னேனுங்க. அதுக்குத் தக்கன ஊசி போட்டுக்கிட்டேன். இன்சுலின் எடுத்துட்டுப் போக மறந்துட்டேங்க, அத்தை மெடிக்கல்ல புதுசா வாங்கிக் கொடுத்தாங்க."

தனப்பிரியா பேனாவை மூடி வைத்தாள், இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். "ஊட்டு இன்சுலினை எங்கீங்கய்யா வெச்சிருக்கறீங்க?" வீட்டு ஃபிரிட்ஜை நம்ப முடியவில்லை, இரண்டு மாதத்துக்கு முன்னால் கரண்ட் போய்ப்போய் வந்தது, பண்ணையில்தான் ஜெனரேட்டர் உண்டு, கோழித் தடுப்பு மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் ஒரு நிமிஷம் நிற்காது, மூன்று மாதக் குப்பிகளையும் மொத்தமாக வாங்கிக் கொண்டுபோய் அவர்தான் வைத்தார், அதுவும் மேல்தட்டில், ஐஸ் அறைக்குள்ளே, மருந்துத் தண்ணீரில் போடுகிற ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் பத்திரமாக, இன்னும் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று… வேண்டியதை மட்டும் எடுத்து வந்து இளகினதும் கொடுப்பார், பார்க்கத் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்தது. "ஐஸ்லீங்க," என்றார். "ஒறைஞ்சு போனா இன்சுலின் கெட்டுப்போயிருமுங்கய்யா, இளகினாலும் பழைய வேகம் வராது. பாப்பா மேல தப்பே இல்லீங்க. அத்தனையும் தூக்கிப் போட்டுட்டு இன்னிக்கே புதுசு வாங்கிருங்க, ஃபிரிட்ஜ் கதவுப் பக்கம் வெச்சாப் போதும். எத்தன ஊசின்னு இப்ப டாக்டர்கிட்டக் கேட்டு எழுதித் தாரேன்." யாரும் அவரைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

தண்ணீர், தீவனம், மருந்து… இருபது வருஷத்தில் ஒரு கோழியையாவது அவர் குற்றம் சொல்லியிருக்கிறாரா? ஐயாயிரம் கோழிக்கு இருந்த நியாயம் பெற்ற பெண்ணுக்கு இல்லாமல் போனதெப்படி, மருந்தைச் சந்தேகப்பட ஏன் தோன்றவில்லை, மருந்தை வைத்த கை தன்னுடையது என்பதாலா? பிழையை ஐஸில் வைத்துவிட்டுப் பையில் தேடியிருக்கிறார். வெட்கமாக இருந்தது, அழுகை வரும்போல இருந்தது, ஐம்பது வயசு ஆள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அழுவதா… முன்னால் யுவஸ்ரீ இறங்கிக்கொண்டிருந்தாள், எவ்வளவு இளைத்துவிட்டாள், கழுத்தெலும்பு தெரிகிறது, இதையுமா சென்சார் வந்து சொல்ல வேண்டும்? ஏதாவது சொல்ல வேண்டும் இப்போதே, காரில் ஏறினால் சொல்ல வராது, தப்பு என்னுதுதான் சாமி, காலேஜுக்குப் போயிட்டு வா சாமி, இவ்வளவுதானே, இதற்கா இத்தனை யோசனை?

"கண்ணு," என்று கூப்பிட்டார். அவள் அந்தப் படியிலேயே நின்றாள். திரும்பி, அவர் முகத்தைப் பார்க்காமல், தோளிலிருந்து பையை இறக்கி ஜிப்பைத் திறந்து வாயை அவர் பக்கமாக அகட்டிப் பிடித்தாள், தினமும் சாயங்காலம் பிடிப்பது போலவே. மூடு சாமி, மூடு, என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் பையின் ஓரத்தில் இருந்த மிட்டாய்களை அவர் கண் எண்ணி முடித்திருந்தது, நாலு.