இல்லாத பாலம்

கோசிதோல் ஊரின் வரலாறு கீழே தொடங்கி மேலே போகும். பாதி வழியில் தூங்கிவிடும். ஊர் அப்படி. ஆற்றுப் பாலத்தில் புறப்படும் பாதை சரிவில் ஒட்டியிருக்கும் முப்பத்தொரு வீடுகளைத் தொட்டு ஏறி, கணவாய்க்குச் சற்றுக் கீழே கடைசி வீட்டுக்காரி இகோனியாவின் வாசலில் மூச்சு வாங்கி நிற்கும். போர்க்கதை எழுத நகரத்திலிருந்து யார் வந்தாலும் பாலத்தைத் தாண்டியதும் முதல் வீட்டில் உட்கார வேண்டும். அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஒரு கிளாஸ் ராக்கியா என்னும் பழச்சாராயம். வேண்டாம் என்றால் இறந்தவர்களை அவமதித்ததாகிவிடும். அடுத்த வீட்டிலும் இறந்தவர்கள் உண்டு.

இதுவரை மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் பதினெட்டாவது வீட்டில் சாய்ந்தார். இரண்டாமவர் இருபத்தைந்தில். மூன்றாமவர் நெஞ்சுரம் உள்ள மனிதர். இகோனியாவின் வாசல் வரைக்கும் வந்தார். வந்து, அவளைத் தன் அம்மா என்று நினைத்து அழுதுவிட்டு வைக்கோற்போரில் படுத்துக்கொண்டார். அதனால் அச்சான புத்தகங்களில் கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் சிங்கங்கள். மேலே போகப் போகச் சிங்கங்கள் குறைந்து, கடைசியில் மேய்ச்சல் நிலம் என்று ஒரு வரியோடு முடிந்துவிடும்.

இகோனியாவுக்கு வேண்டியது அவள் அண்ணன் மிலூனின் பெயர், அவ்வளவுதான். நாற்பத்து மூன்றாம் வருடப் பனிக்காலத்தில் ஜெர்மானியர்கள் ஆற்றங்கரைக்கு வந்தபோது, காயம்பட்ட போராளிகளை முதுகில் சுமந்து கணவாயைக் கடத்தியவன் அவன். இரண்டு பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். மூன்றாவது ஆளோடு போனவன் திரும்பவில்லை. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது, அவளுக்குப் பதின்மூன்று. முப்பத்தொரு வருடத்தில், எழுத வந்தவர்களிடம் கீழ்வீட்டுக்காரர் ஒருவராவது அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாவதாகப் பிழைத்த ஆளே முதல் வீட்டுக்காரர்தான். அவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபத்தில் அவள் கீழே யார் வீட்டுப் படியும் மிதிப்பதில்லை. பாலாடைக்கட்டியைக்கூடக் கணவாய் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குச் சந்தையில்தான் விற்றாள்.

இந்த வருடம் திஹோமிர் என்ற பள்ளி ஆசிரியர் எழுத வருவதாகவும், இதற்குப் பிறகு புத்தகம் போடப் போவதில்லை என்றும் தபால் வந்தது. இகோனியா பதில் எழுதினாள். ஆற்றுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது, கணவாய் வழியாக வரவும், கோவேறு கழுதை அனுப்புகிறேன். பாலம் என்னவோ குத்துக்கல்லாக அங்கேயேதான் இருந்தது.

ஆசிரியர் தெளிந்த முகத்தோடு வந்து இறங்கினார். விருந்தாளிக்கு ஊற்றாமல் இருக்க அவளாலும் முடியாது. இறந்தவன் அவள் அண்ணனாயிற்றே. இருப்பதில் சின்னக் கிளாஸாகப் பார்த்து ஒன்று ஊற்றிவிட்டு, பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எழுதுங்க வாத்தியாரே. எழுதி முடிச்சதும் முழுப் பாட்டிலும் உங்களுக்குத்தான்."

மிலூன் எந்தக் காலில் லேசாக நொண்டுவான், கடைசியாகப் போனபோது என்ன நிறக் காலுறை போட்டிருந்தான் என்பது வரைக்கும் அவர் எழுதினார். நாலு பக்கம், முத்து முத்தான கையெழுத்து. பிறகு கீழே இறங்கினார், வீட்டுக்கு ஒரு கிளாஸாக. முதல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய பேனா மேசைத் துணியில் எழுதிக்கொண்டிருந்தது. அவரைத் தூக்கி வண்டியில் போட்டு அனுப்பினார்கள். பாலத்தைத் தாண்டியது அவருக்குத் தெரியாது.

இலையுதிர் காலத்தில் புத்தகம் வந்தது. முதல் வீட்டுக்காரரின் மகன் ராதிசாவ் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இந்த ஐம்பத்தைந்து வயதில், சரிவு முழுவதும் ஏறி வந்தான். மூச்சு சீராகவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"இகோனியா, நான் தெனமும் நடக்கிற பாலம் இல்லேன்னு போட்டிருக்கு."

"வாத்தியார் பொய் எழுதுவாரா அண்ணே?"

"எங்கப்பாவைக் கோவேறு கழுதைன்னு போட்டிருக்கு. குண்டடி பட்டும் கணவாயைக் கடந்த கழுதையாம்." அவன் புத்தகத்தை மூடினான். "அது போகட்டும். எங்கம்மாவும் அதைத்தான் சொல்லும்."

இகோனியாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் பழைய கோபமும் பொங்கிக்கொண்டு வந்தது.

"முப்பத்தோரு வருஷமா எங்கண்ணன் பேரை முழுங்கினீங்களே. அப்ப எங்க போச்சு இந்தப் புஸ்தக அக்கறை?"

ராதிசாவ் திகைத்துப்போய்ப் பார்த்தான்.

"முழுங்கினோமா? செத்தவங்க பேரை அந்தந்த வீட்டுக்காரங்கதானே மொதல்ல சொல்லணும்? ஒங்க வீட்டுச் சாவை நாங்க எடுத்துச் சொன்னா அது திருட்டு இல்லியா? வந்த மூணு பேர்கிட்டயும் எங்கப்பா சொன்னாரு, கடைசி வீட்டுக்குப் போங்க, பெரிய கதை அங்கதான் இருக்குன்னு. அவங்க போய்ச் சேரலேன்னா நாங்க என்ன பண்றது?"

"ஊத்தாம அனுப்பியிருக்கலாம்."

"அதெப்படி ஊத்தாம அனுப்புறது?"

அது முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவன் அப்பா சாகிற வரைக்கும், வீட்டுப் பண்டிகை அன்று முதல் சொட்டைத் தரையில் விட்டு, "மேல் வீட்டுக்கு" என்பாராம். பெயர் சொல்ல மாட்டாராம், கண் மட்டும் கலங்குமாம்.

"இப்பதான் நீயே சொல்லிட்டே, புஸ்தகத்துலயும் வந்தாச்சு. இனிமே நாங்களும் பேரைச் சொல்லலாமா?"

இகோனியாவுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் ஒரு ஊரையே வைதுகொண்டிருந்திருக்கிறாள். உள்ளே போய்ப் பெரிய கிளாஸ்களாக இரண்டு எடுத்து வந்து தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

ராதிசாவ் தொப்பியைக் கழற்றினான். முதல் சொட்டைத் தரையில் விட்டான்.

"மிலூன்," என்றான்.

இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அவள் தன் வாயிலிருந்து மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணே," என்றாள்.