உப்புக் காற்று தொடாத இடம்

ஜெயந்த்தை அன்றைக்கு நான் இன்னும் நாலு வார்த்தை கூடக் கேட்டிருக்கலாம். செருப்பைக் கழற்றிய யோகேஸ்வரியைத் தடுத்திருக்கவும் வேண்டாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் குப்பம் திருவிடந்தைக்குத் தெற்கே, ஈ.சி.ஆருக்குக் கிழக்கே இருக்கிறது. ரோட்டிலிருந்து கடலுக்குப் போக ஒரே ஒரு மணல் பாதை. ஐஸ் வண்டி அதில்தான் இறங்கும், மீன் கூடை அதில்தான் ஏறும், பழுதான இன்ஜின் ரிப்பேருக்குப் போவதும் அதில்தான். சுனாமிக்குப் பிறகு பக்கத்துச் சவுக்குத் தோப்பை வாங்கிய ரிசார்ட்காரர்கள் முதலில் கல் நட்டார்கள். அப்புறம் கம்பி கட்டினார்கள். கடைசியில் பாதைக்குக் குறுக்கே ஆளுயரச் சுவரையே எழுப்பிவிட்டு, அங்கே பாதை என்று ஒன்று இருந்ததே இல்லை என்று அதிகாரிகளுக்கு எழுதியும் கொடுத்தார்கள்.

சுவர் எழும்பிய அன்றே ஊர் கடப்பாரையோடு கிளம்பியது. மறித்தவன் நான். ரோட்டோரம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன், ஊருக்கு மனு எழுதித் தருவதும் நான்தான்.

"இடிச்சா கேஸு நம்ம மேல திரும்பிடும். என்கிட்ட படம் கீது. அவன் கல்லு நட்டதுலேர்ந்து அமாவாசைக்கு அமாவாசை எடுத்து வெச்சிகிறேன்" என்றேன்.

அமாவாசையன்று எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. படகுகளைப் பாதையோரம் ஏற்றிப்போட்டுப் பழுது பார்ப்பார்கள். பாதையும் படகும் ஆட்களும் ஒரே படத்தில் விழும் என்றுதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

நாட்டாமை இருசப்பன் மாமா கடப்பாரையை மணலில் குத்தி நிறுத்தினார். "சரிப்பா அரசு. உன் படம் தோத்துச்சுன்னு வெச்சுக்க, அதோட இந்த ஊர்ல உன் பேச்சு எடுபடாது. சொல்ட்டேன்."

"தோக்காது மாமா."

அவ்வளவு தைரியம் எனக்கு ஜெயந்த்தால் வந்தது. ஜெயந்த் செங்கல்பட்டுக்காரன், கழுத்தில் டை, காலில் ஷூ, பைக்கில் லேப்டாப் பை. கடை கடையாக ஏறி, கம்ப்யூட்டரில் இருப்பதை இன்டர்நெட் வழியாகப் பத்திரப்படுத்தும் சர்வீஸை விற்றுக்கொண்டிருந்தான். நான் சிடியில் போட்டு வைப்பதாகச் சொன்னேன். சிரித்தான்.

"கடலோரத்துல சிடியா? உப்புக் காத்துல பூத்துடும் சார். எங்க சர்வர் ஃபாரின்ல இருக்கு. நாளைக்கே கடல் உள்ள வந்தாலும் உங்க ஃபைல் மேல ஒரு சொட்டுத் தண்ணி படாது."

அலை வந்த அன்று ரேஷன் கார்டையும் பட்டாவையும் கல்யாண ஆல்பத்தையும் பறிகொடுத்த ஊரில் வந்து சொல்கிறான் இதை. விலை போகாமல் இருக்குமா? சேர்ந்தேன். முதல் தடவை அவனே கூட உட்கார்ந்து ஏற்றிக் காட்டினான். படம் ஏற ஏறப் பச்சை டிக் விழுந்தது. கேமரா கார்டை அழித்து அழித்து மறுபடி எடுத்தேன். சிடி போடுவதையும் நிறுத்தினேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் நான் ஷட்டருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி யோகேஸ்வரி ஒட்டடை அடித்து, கீபோர்டைத் தட்டி, மேசையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் ஆமையாய் நகர்ந்தது. இடம் இல்லை என்று அதுவே சொல்லிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்குக் கடையை அலம்புகிறவள் அதை மட்டும் விட்டுவைப்பாளா? ஜெயந்த்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தம்பி, பழைய படம்லாம் ரொப்பிகினு கீது. எடுத்துடலாமா?"

"பச்சை டிக் வந்துடுச்சா அக்கா?"

"எல்லாத்துக்கும் வந்துகீது."

"அப்போ மேல ஏறிடுச்சு. கீழ இருக்கிறதை அழிச்சிடுங்க. அதுக்குத்தானே நாங்க இருக்கோம்!"

வாசலில் பிரஷ்ஷோடு நின்ற நானும் கேட்டேன். அவள் அழித்தாள், குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினாள், மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி படைத்தாள். கம்ப்யூட்டர் குதிரையாய் ஓடியது.

பாதையைத் திறந்துவிடச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த மனுவுக்குக் கார்த்திகையில் செங்கல்பட்டில் விசாரணை. மனுவோடு இணைத்திருந்த பிரின்ட்டுகளை ரிசார்ட் வக்கீல் பக்தவத்சலம் விரல் நுனியால் புரட்டினார். "இதுல தேதி எங்கே இருக்கு? எந்தக் கடற்கரையில வேணும்னாலும் எடுத்திருக்கலாமே?" தேதியோடு கூடிய அசல் ஃபைலை அடுத்த வாய்தாவுக்குக் கொண்டுவரச் சொன்னார் அதிகாரி. கொண்டுவருகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைக்கு வந்து திறந்தால் மேலேயும் ஒன்றுமில்லை. வெள்ளைத் திரை. மூலையில் பச்சை டிக் மட்டும் இருந்தது. பழைய சிடிகளைப் போட்டுப் பார்த்தேன், அவன் சொன்னபடியே பூத்துப்போய் ஒன்றும் ஓடவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன், தேதிவாரியாக, ஒன்றுவிடாமல். பதில் வந்தது: 'உங்கள் கணினியில் உள்ளது உள்ளபடியே எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.' கணினியில் ஒன்றுமில்லை. அதுதான் உள்ளபடியே அவர்களிடமும் இருந்தது.

ஜெயந்த்தை வரவழைத்தோம். பைக்கை விட்டு இறங்கும்போதே, "நீங்கதானே சார் அழிச்சீங்க?" என்றான்.

"நீ சொல்லித்தான் அழிச்சோம்."

"இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சிடும். ஒரு மாசம் வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருக்கலாம். கண்டிஷன்ல எல்லாம் போட்டிருக்கு, நீங்கதான் ஓகே பண்ணீங்க."

"நீயா தம்பி இத சொல்றே?" யோகேஸ்வரி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அழிச்சிடுங்க அக்கான்னு தேனா பேசினியே, அந்த வாய் எங்க போச்சு?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

முகத்தில் ஒரு மயிரும் அசையவில்லை அவனுக்கு. பொய் சொல்கிறவனிடம்கூடக் கொஞ்சம் கூச்சத்தை எதிர்பார்க்கிறோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "படம் போனது போகட்டும். ஏத்தினப்போ நீ கூட உக்காந்திருந்தே. பாதையைப் பாத்தே, படகைப் பாத்தே. விசாரணைக்கு வந்து அத மட்டும் சொல்லு."

பைக் சாவியைச் சுழற்றினான். "அது முடியாது சார். ரிசார்ட்டும் நம்ம கஸ்டமர். அவங்க சிஸ்டம் மொத்தம் என்கிட்டதான் இருக்கு."

அப்போதுதான் யோகேஸ்வரி செருப்பைக் கழற்றினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவன் போய்விட்டான்.

வாய்தாவுக்கு வெறுங்கையோடு போனேன். மீன் விற்கும் ஆதியம்மாள் கூடையை வெளியே வைத்துவிட்டு என்கூட உள்ளே வந்தாள். "சாமி, நாப்பது வருசமா அதுல நடந்தேன். படம் தொலஞ்சா நான் நடந்ததும் தொலஞ்சி போவுமா?" என்று கேட்டாள். அதிகாரி தலை நிமிரவில்லை. ஆதாரம் போதவில்லை, மனு தள்ளுபடி.

திரும்பிய பஸ்ஸில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. இருசப்பன் மாமா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கடைசிவரை முன் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் ஊர் மறுபடி சுவருக்குப் போனது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன்.

இருசப்பன் மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாப்பா மனுக்காரரே. கேமரா எங்க? ஓரமா நின்னு படம் புடி. அப்பால எங்கியாவது மேல ஏத்தி வெச்சுக்கலாம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மணலில் கிடந்த ஒரு கடப்பாரையை எடுத்தேன்.

"கேஸு வரும்னு சொன்னவன் நீதானடா" என்றார் மாமா, இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

"வரும் மாமா. இப்பவும் அதான் சொல்றேன்."

முதல் குத்தில் என் தோள்பட்டைதான் அதிர்ந்தது. இரண்டாவதில் பூச்சு உதிர்ந்தது. பக்கத்திலிருந்தவன் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். பத்துப் பதினைந்து செங்கல் சரிந்ததும் சந்து வழியாகக் கடல் தெரிந்தது. ஆதியம்மாள் யாரையும் கேட்காமல் கூடையோடு அதற்குள் நுழைந்து போனாள்.

ரிசார்ட் மேனேஜர் ராஜாராம் புல்தரையில் நின்று போனை உயர்த்தி எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முகத்துக்கும் நின்று, நிதானமாக, தனித்தனியாக எடுத்தான். எல்லாவற்றிலும் தேதி இருக்கும். ஒன்றுகூடத் தொலையாது.

நான் அவன் பக்கம் முகத்தை நன்றாகத் திருப்பிக் காட்டிவிட்டு, அடுத்த செங்கல்லைக் குத்தினேன்.