ஓடுகிற லிஃப்ட்

அப்பா லிஃப்ட் பரிசோதகர். வருடம் ஒருமுறை கயிறும் பிரேக்கும் பார்த்துத் தேதிச் சீட்டு ஒட்டுவார். சீட்டு காலாவதியான கட்டடத்துக்காரர்கள் அவரிடம் மாட்டினால் தொலைந்தார்கள். "ஓடுதுன்னா நல்லாருக்குன்னு அர்த்தமா?" என்று பிரசங்கமே நடக்கும்.

அப்படிப்பட்டவரின் வயிற்றுக்குள் பெரிய ரத்தக் குழாய் பலூன் மாதிரி வீங்கியது. தொடை இடுக்கில் சின்னதாகக் கீறி, அதன் வழியே, ரத்தம் வீக்கத்தில் மோதாமல் ஓட, குழாய்க்குள் ஒரு துணிக்குழாயைச் செருகினார்கள். அந்த வாரமே வீடு திரும்பியவர், "வயித்துல கத்தியே படல" என்று பார்த்தவரிடமெல்லாம் அளந்தார். தழும்பு இருந்த இடம் மட்டும் அப்படி இல்லாவிட்டால் காட்டியும் இருப்பார்.

வருடாவருடம் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா ஞாபகப்படுத்தினால், "நல்லா ஓடிட்டிருக்கறதுக்கு எதுக்குடி பரிசோதனை?" என்பார். சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு ஊரார் லிஃப்ட்டைப் பரிசோதிக்கக் கிளம்புவார்.

சில வருடங்களில் முதுகுவலி வந்தது. துணிக்குழாய் நழுவியிருந்தது. ரத்தம் ஓரமாகக் கசிந்து, பலூன் முன்பைவிடப் பெருத்திருந்தது.

"இனி வயித்தைத் திறந்துதான் ஆகணும். பழசைக் கழட்டிட்டுப் புதுசு தைக்கணும்," என்றார் டாக்டர். "ஆபத்து ஜாஸ்தி. விட்டா எப்ப வேணா வெடிக்கும்."

"ஸ்கேன் எடுத்திருந்தா?" என்றாள் அம்மா.

"அப்பவே தொடை வழியா சரிபண்ணப் பாத்திருக்கலாம்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். அங்கே பரிசோதிக்க ஒன்றும் இல்லை.

அறுவை முடிய அரை நாள் ஆனது. "வெளிய வரட்டும், வச்சுக்கறேன்" என்று அம்மா முனகிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரிந்த பிரார்த்தனை அதுதான்.

வந்தார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழ்வரை தையல். இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், அவர் காட்டவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில், சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்ட்டுக்குள் தள்ளினேன். அப்பாவின் கண் நேரே சுவரிலிருந்த சீட்டுக்குப் போனது. தேதி முடிந்து நாளாகியிருந்தது.

"நிறுத்தும்மா. இதுல போக வேணாம்," என்றார் என்னிடம்.

"ஏன்? நல்லாத்தானே ஓடிட்டிருக்கு," என்றாள் அம்மா.

அப்பா வெளியே படிக்கட்டைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். கதவு மூடியது. கீழே போகும் வரை கைப்பிடியை விடவில்லை.

கதவு திறந்ததும், யாரையும் பார்க்காமல் கேட்டார்: "ஸ்கேனுக்கு என்னிக்கு வரச் சொன்னாங்க?"