கண்ணாடியில் பார்த்த கடற்கரை

கடலோரப் பூங்கா வாசலில் மனைவியோடு இறங்கியதுமே டிரைவர் கையை வீசி இடதுபக்கம் காட்டினார். "கடற்கரை இப்படித்தான். என் பின்னாடியே வாங்க!" ஓய்வு பெற்றும் அந்தக் குரல் ஓயவில்லை. பக்கத்து மரத்துக் காக்கைகளெல்லாம் டிக்கெட் எடுக்காத பயணிகள் மாதிரி அலறிப் பறந்தன.

அவர் ஓட்டிய பஸ்ஸுக்கு இந்த வாசல்தான் கடைசி நிறுத்தம். வண்டியைத் திருப்பி ஊரைப் பார்க்க நிறுத்துவார், ஒரு டீ குடிப்பார், கிளம்பிவிடுவார். பணிக்காலம் முழுக்க வாசலைத் தாண்டி ஒரு காலும் வைத்ததில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் கால் வேறு, வாய் வேறு. உள்ளே மணல் சர்க்கரை மாதிரி, எறும்பே மொய்க்கும் என்பார். முட்டைக்கோஸ் ஒவ்வொன்றும் பஸ் டயர் அளவு. ஒரு நண்டு வந்து பஸ் கண்ணாடி துடைக்கும் வைப்பரைக் கழற்றிக்கொண்டு போனதே, அதைத் துரத்திக்கொண்டு ஓடியதில்தான் முழங்கால் போயிற்று. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் போர்வை பிழிந்துவிட்டு வரும் மனைவி, பாத்திரம் கழுவிக்கொண்டே அத்தனையும் கேட்பாள். "ரெண்டு பேருக்கும் ஓய்வு வரட்டும், முதல்ல அங்கதான் போறோம்" என்பாள்.

அந்த நாள் இன்று வந்துவிட்டது. அவள் நம்பிய பூங்காவை அவர் இப்போது எங்கிருந்து கொண்டுவருவது? போதாக்குறைக்குத் தையல்கடை வைத்திருக்கும் அவள் தம்பியும், வேடிக்கை பார்க்கவென்றே கடையை மூடிவிட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

பாதை பூங்காவுக்குள்ளேயே இருந்த வயலுக்குள் நுழைந்தது. ஒரு வேலிக்கதவு, இன்னொரு வேலிக்கதவு, செருப்பைப் பிடுங்கும் சேறு. கண்ணுக்கு எட்டியவரை முட்டைக்கோஸ்.

"மாமா, கடலை இந்தக் கோஸுக்கு நடுவுல ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?" என்றான் தையல்காரன். "டயர் சைஸுன்னீங்க, சைக்கிள் பெல் சைஸுகூட இல்லையே!"

"இது குட்டி, மாப்ளே. தாய்க் கோஸு அந்தப் பக்கம் இருக்கு."

களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "கடற்கரைக்கா? வாசல்ல வலதுபக்கம் போயிருக்கணும். நேர் எதிரா வந்துட்டீங்களே."

தையல்காரன் நின்றான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது. "மாமா, கண்ணாடி முன்னால நிக்கிறவங்க இப்படித்தான் பக்கம் மாத்திச் சொல்லுவாங்க. நீங்க இந்தப் பூங்காவை டிரைவர் சீட்டுக் கண்ணாடியிலதான் பாத்திருக்கீங்க!"

டிரைவரின் நாக்கு நுனியில் நான்கு கதைகள் வரிசையில் நின்றன. மனைவியின் கண்ணைப் பார்த்ததும் நான்கும் இறங்கிப் போய்விட்டன.

"உள்ள வந்ததே இல்லையா நீங்க?"

"இல்ல."

தனக்கே கேட்காத குரலில், "நண்டு கூடவா?" என்றாள்.

தையல்காரன்கூடச் சிரிக்கவில்லை. அவள் வந்த வழியே திரும்பிவிடுவாள் என்றுதான் டிரைவர் நினைத்தார். அவளோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உயர்ந்த மேட்டைப் பார்த்து விடுவிடுவென்று நடந்தாள். இஞ்சின் சூடேறிய வண்டி போல மூச்சிரைத்தபடி இவர் பின்னால் போனார்.

மேட்டின் உச்சியில் வயல் கத்தரியால் வெட்டியது போல முடிந்தது. கடைசிக் கோஸுக்கு அப்பால் தரையே இல்லை. நிலத்தை வளைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் வந்த கடல், நீர் இறங்கும் வேளையில் கீழே வற்றி, அடிவானம் வரைக்கும் பின்வாங்கியிருந்தது. அது விட்டுப்போன ஈர மணலில் வானம் முழுசாக இறங்கிக் கிடந்தது, ஒரு மேகம்கூடக் குறையாமல். எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. அவர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

மணலே எழுந்தது போல ஆயிரமாயிரம் சிறு பறவைகள் கிளம்பின. ஒரே உடம்பாகத் திரும்பின. கறுப்பாக இருந்தது வெள்ளையானது, அடுத்த நொடி ஒன்றுமே இல்லை, மறுபடி வெள்ளை. அத்தனை சிறகின் ஓசையும் மேட்டுக்கு வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது.

"அம்மாடி" என்று உட்கார்ந்துவிட்டான் தையல்காரன்.

"ஏங்க," என்றாள் மனைவி, திரும்பாமலே. "ஏதாவது சொல்லுங்க."

டிரைவர் வாயைத் திறந்தார். மூடினார். எத்தனை பெரிதாக ஊதினாலும் இதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒரு சொல் அவரிடம் இல்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது.

அவள் திரும்பி அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, சரிவில் இறங்கினாள். ஈர மணலில் அவள் முதல் அடியை வைத்தபோது, கீழேயிருந்த மேகத்துக்குள்ளிருந்து இன்னொருத்தி வந்து அவள் பாதத்தைத் தொட்டாள்.