லாத்தாவின் சோதனைக் குழாய்

நான் லாத்தா என்று கூப்பிடும் என் அக்கா லத்தீபாவின் சிறுநீரகத்தை அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துக்கொண்டிருந்தது. எந்த மருந்துக்கும் அது கட்டுப்படவில்லை. 2008இல் சென்னை மருத்துவர்கள், இது சோதனை முயற்சிதான் என்று சொல்லி, என் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களைப் பெருக்கி அவளுக்கு ஏற்றினார்கள்.

தேவிபட்டினம் திரும்பியபின் அவள் சிறுநீரைச் சோதனைக் குழாயில் காய்ச்சிப் பார்ப்பது என் வேலை. புரதம் கலந்திருந்தால் வெள்ளையாகத் திரியும். ஒருநாள், பரீட்சையில் தோற்றிருந்த நான் மாலை வகுப்புக்குக் கிளம்புமுன் பார்த்தேன். குழாய் வெளுத்திருந்தது. என் செல்களும் என்னைப்போலவே தேறவில்லை என்று நினைத்தேன்.

“ஏலே, உன் செல்லு தூங்குது போல” என்று லாத்தா சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

சந்தேகம் தீராமல் குழாயைக் கொட்டிக் கவிழ்த்தேன். காலிக் குழாயும் வெள்ளையாகவே இருந்தது.

“உம்மா, இதைக் கெணத்துத் தண்ணியிலயா கழுவுனீங்க?” என்று அம்மாவைக் கேட்டேன்.

“பின்னே, பன்னீர்லயா கழுவுவாக?”

எங்கள் கிணற்று நீர் காய்ந்த இடமெல்லாம் உப்புப் படியும். எலுமிச்சம்பழத்தால் தேய்த்து, லாரித் தண்ணீரில் அலசி, மீதியிருந்த சிறுநீரை மறுபடி காய்ச்சினேன். தெளிவாக இருந்தது. நம்பாமல் இன்னொரு முறையும் காய்ச்சினேன்.

“போதும்லே, வகுப்புக்குப் போ” என்றாள் லாத்தா. “நீ பாஸானாத்தான் எனக்குள்ள இருக்க செல்லுக்கும் மரியாதை.”