சுருங்கிய நூறு கஜம்

12-1-1962

தவறு என்னுடையது. ஓட்டப்பாதையை நான் அளந்தது பட்டாசுத் திரிக்கு வாங்கிய பருத்தி நூலால். கஜக்கோல் வைத்து வெட்டியபோது சரியாகத்தான் இருந்தது. பிறகு மழையில் நனைந்து காய்ந்தது. நனைந்த திரி சுருங்குவதை, வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் தினமும் பார்க்கிறேன், ஆனாலும் அந்த நூலாலேயே கோடு போட்டேன். இன்று மாலைப்பள்ளி வகுப்புக்கு முன் இரும்பு நாடாவால் அளந்தபோது நூறு கஜத்தில் மூன்று கஜம் குறைந்தது.

விளையாட்டுக் குழுச் செயலாளர் முனியசாமியிடம் நானே போய்ச் சொன்னேன். மதுரையில் நடக்கும் நூறு கஜ ஓட்டப் போட்டிக்கு இங்கிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். எங்களோடு கம்பெனியில் பட்டாசுச் சரம் பின்னும் செல்லச்சாமி அதற்குத் தேர்வாகியிருந்தான்.

"அப்பவே நெனச்சேன். பாதி நேரம் நடக்குற பயலுக்கு வேகம் எங்கனலே வரும்? அவன் பேர அடிச்சிருதேன். சோலைமலை போகட்டும்" என்றார். சோலைமலை அவருடைய தங்கை மகன்.

"அவரும் இதே பாதையிலதானய்யா ஓடுனாரு?"

"அவன் விடியக்காலம் சூலக்கரை வரைக்கும் ஓடிட்டு வாரவன்லே. அவன எதுக்கு அளக்கணும்?"

ஒரே பாதையில் ஓடிய இருவரில் ஒருவனுக்கு மட்டும் அது எப்படிக் குறுகும்?

செல்லச்சாமியும் முன்பு சூலக்கரைக்கு ஓடியவன்தான். மூச்சு நீண்டது, வேகம் ஏறவில்லை. ஆவணியில், மாலைப்பள்ளிக்கு வந்த ஒரு பழைய பத்திரிகையைப் படித்து முறையை மாற்றினோம். முழு வேகத்தில் ஓடுவான், நடந்தே திரும்புவான், மூச்சு அடங்கியதும் மறுபடி ஓடுவான். அடுத்த ஓட்டத்திலும் கால் முழு வேகம் தருவதற்குத்தான் அந்த நடை. அதைச் சோம்பல் என்கிறார்!

வேகம் கூடியது குறுகிய பாதையால்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. இல்லை. ஆவணியிலும் இதே பாதையில்தான் ஓடினான். அப்போதைக்கு இப்போது ஓடும் நேரத்தில் முக்கால் வினாடி குறைந்திருக்கிறது. வளரும் பையன், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நடை மட்டும்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

செல்லச்சாமியிடம் சொன்னேன். "ஒன்ன எவம்ணே மறுபடி அளக்கச் சொன்னது?" என்று கத்தினான். பிறகு, "அந்த மூணு கஜத்தையும் சேத்தே போடு. அவன என் பக்கத்துல நிக்கச் சொல்லு, பாப்போம்" என்றான்.

நாளை: வேலை விட்டதும் இரும்பு நாடாவால் நூறு கஜத்துக்குக் கோடு போட வேண்டும். பிறகு குழுக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், இருவரையும் சேர்த்து ஓட விடும்படி முனியசாமியிடம் கேட்க வேண்டும்.