நீலத் துணி கட்டாத கேன்

புனல்கூட வைக்காமல் தம்பி சுந்தரலிங்கம் கேனைச் சாய்த்துவிட்டான். கடகடவென்று படகின் டாங்கிக்குள் எண்ணெய் இறங்கியது. கொட்டகை வாசலில் நின்ற பரிமளத்தின் வாய் திறந்தது; திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது.

அது பெட்ரோல் கேன் இல்லை. பெட்ரோல் கேன் பிடியில் அப்பா தியாகராஜா எப்போதும் ஒரு நீலத் துணி கட்டிவைப்பார். இதுவும் சிவப்புக் கேன்தான், ஆனால் மொட்டைப் பிடி. செத்த வீட்டுக்கு வாடகைக்குப் பிடித்த ஜெனரேட்டருக்கென்று தேத்தண்ணிக் கடை மக்கீன் நானா வாங்கித் தந்த டீசல். மிச்சத்தைக் கொட்டகையில் கொண்டுவந்து வைத்ததே அவள்தான்.

ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைத்தான் விழுங்கினாள்.

விழுங்காமல் என்ன செய்வாள்? கட்டுகஸ்தோட்டை ஆற்றோரத்தில் அப்பாவோடு சேர்ந்து உல்லாசப் படகு ஓட்டியவள் அவள். டிக்கட் கிழித்தது, டாங்கி நிரப்பியது, அப்பாவுக்கு முழங்கால் பிடித்த நாளில் சுக்கானைப் பிடித்தது எல்லாம் அவள். முந்தாநாள் சோற்றுக்குக் கை கழுவப் போன மனிதர் குழாயடியில் உட்கார்ந்தார், எழும்பவில்லை. நேற்று மஹியாவைச் சுடலையில் எரித்தாயிற்று. இன்று சாம்பலை அவருடைய படகிலேயே நடு ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும். அதற்குத் தாய்மாமன் மயில்வாகனம் சொன்னது இது:

"பொம்பளைங்க கரையோட நில்லுங்க. நம்ம சனத்துல அந்தப் பழக்கமில்ல."

"மாமா, படகு யாரு ஓட்டுறது?"

"ஏன், ஆம்பளப் புள்ள இல்லையா?"

கொழும்பில் பேங்க் வேலை பார்க்கும் ஆம்பளைப் பிள்ளை, "நான் பாத்துக்குறேன்க்கா, நீ ரெஸ்ட் எடு" என்றான். ரெஸ்ட்டாம்.

டீசலில் எஞ்சின் கிளம்பாது. கயிற்றை நாலு தரம் இழுத்துப் பார்ப்பான், வேர்த்துப்போய் 'அக்கா' என்று கூப்பிடுவான். போய் ஏறிக்கொள்ளலாம். இவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு.

முதல் இழுப்பிலேயே எஞ்சின் கிளம்பியது; படகு துறையை விட்டு நகர்ந்தது.

பரிமளத்துக்கு அப்போதுதான் உறைத்தது. குழாயில் பழைய பெட்ரோல் கிடக்குமே! அது தீருமட்டும் ஓடும், தீர்ந்ததும் நிற்கும். கரையில் நிற்காது, நடு ஆற்றில் நிற்கும். மேலே மலையில் மழை. கீழே பொல்கொல்லை அணைக்கட்டுக் கதவைத் திறந்திருந்தார்கள். ஆறு மண்ணைக் கரைத்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டிருந்தது.

"தம்பி! திரும்பு! டேய்!"

எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும்? மடியில் சாம்பல் நிரப்பிய மண்முட்டியோடு மாமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், மாப்பிள்ளை ஊர்வலம் போவதுபோல. அவள் கரையோடு ஓடினாள், நின்றாள், மறுபடி ஓடினாள். மூங்கில் புதரைத் தாண்டியதும் சத்தம் விக்கியது. இன்னொரு தரம் விக்கியது. அப்புறம் ஆற்றின் சத்தம் மட்டும்தான்.

கொட்டகைக்கு ஓடிவந்து மாற்று டாங்கியைத் தூக்கினாள். அது எப்போதும் நிரம்பியிருக்கும், அப்பாவின் ஒழுங்கு. துறையில் மிதந்தது சின்னப் பிள்ளைகள் மிதித்து விளையாடும் அன்னப் படகு ஒன்றுதான்.

"நானா! அன்னத்த அவுருங்க!"

மக்கீன் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன புள்ள?"

"தம்பி டீசல ஊத்திட்டான்."

"அல்லாவே! ஏறு, ஏறு."

இரண்டு பேரும் மிதித்தார்கள். வெள்ளை அன்னம் கழுத்தை ஆட்டிக்கொண்டு போனது. இழுப்பு நல்ல வேளையாகப் போகிற பக்கமே இருந்தது.

"இந்த வயசில என்ன அன்னத்தில ஏத்திட்டியே. என்ட பொஞ்சாதி கண்டா ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டா."

"பேசாம மிதிங்க நானா."

"மிதிக்கிறன் தானே. பேசாட்டி எனக்குப் பயமா ஈக்கி."

அணைக்கட்டுக்கு முன்னால் கட்டிய பீப்பாய் வரிசை தெரியத் தொடங்கியிருந்தது. தம்பி நின்றபடி கயிற்றை இழுஇழு என்று இழுத்துக்கொண்டிருந்தான். மாமா முட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

"இழுக்காத!" என்று கத்தினாள். "இழுக்க இழுக்க டீசல் உள்ள போகும். கைய எடு!"

மக்கீன் நானா அன்னத்தின் கயிற்றை வீச, மாமா இரண்டு கையாலும் பற்ற வேண்டியதாயிற்று. மடியில் முட்டி சரிந்தது. படகில் கால் வைத்த பரிமளம் அதை வாங்கித் தன் காலிடையில் வைத்துக்கொண்டாள்.

பழைய டாங்கியைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். "இந்தக் குழாய் நுனியப் புடி. வாளிக்குள்ள விடு, ஆத்துல விடாத." குழாய் நடுவிலிருந்த ரப்பர் பந்தை அமுக்க அமுக்க, குழாயில் இருந்த டீசல் பீறிட்டுத் தம்பியின் கை, வெள்ளை வேட்டி எல்லாம் நனைத்தது. எஞ்சின் மூடியைத் திறந்து, காபரேட்டர் அடித் திருகாணியைத் தளர்த்தி வடியவிட்டாள். பிளக்கைக் கழற்றித் துடைத்தாள்.

"சிவப்புக் கேன்தானேக்கா இருந்திச்சு," என்றான் அவன். "நான் பெட்ரோல்னுதான்…"

"துணி கட்டியிருந்திச்சா?"

"என்ன துணி?"

அவள் பிளக்கைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான் ஊத்தும்போது நீ வாசல்லதானே நின்ன?"

பீப்பாய்களில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து டீசல் வாளியை ஓரமாக நகர்த்தினான்.

கயிற்றை இழுத்தாள். இருமியது. மறுபடி இழுத்தாள். வெள்ளைப் புகையாகக் கக்கிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று அன்னத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. அன்னத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, இழுப்புக் குறைந்த இடத்துக்குப் படகை ஏற்றினாள்.

"ராகு காலம் வரப்போகுது," என்றார் மாமா. குரல் உள்ளே போயிருந்தது. "தம்பி, முட்டிய எடு."

தம்பி தன் கைகளைப் பார்த்தான். முழங்கை வரைக்கும் டீசல். ஆற்றில் கழுவினான், வேட்டியில் தேய்த்தான், மோந்து பார்த்தான்.

"இந்தக் கையோட அப்பாவத் தொட மாட்டேன் மாமா." அவன் எழும்பி வந்து சுக்கானைப் பிடித்தான். "நீயே கரைச்சிடுக்கா. நேரா வச்சிருந்தாப் போதும்தானே?"

"போதும்."

மாமா ஹந்தானை மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே முகில் தவிர ஒன்றும் இல்லை.

பரிமளம் முட்டியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். சாம்பல் தண்ணீரில் விழுந்ததும் கொஞ்சம் மிதந்து, அன்னத்தின் ஓரமாகப் போய், கலங்கல் நிறமாகிவிட்டது. மக்கீன் நானா மிதிகட்டையிலிருந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

டாங்கி நிரப்பினால் அப்பா ஒரு துளியை விரலில் தொட்டுத் தேய்ப்பார். பெட்ரோலென்றால் பறந்துவிடும், டீசலென்றால் ஒட்டும். அவர் கை எதில் பட்டாலும் கடைசியில் அவளுடைய முந்தானையில்தான் துடைப்பார். "வேற துணி இல்லையாப்பா?" என்று அவள் கத்தாத நாள் இல்லை.

முட்டி காலியானது. ஈர விரல்களில் கொஞ்சம் சாம்பல் மிச்சமிருந்தது. பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

ஒட்டியது.

கரை வருமட்டும் அந்தக் கையை அவள் முந்தானையிலும் துடைக்கவில்லை, ஆற்றிலும் நனைக்கவில்லை.